ஸ்படிக மாலை வாங்கித் தியானம் தொடங்குபவர்களுக்கு: கடை, பில், சோதனை, உட்காரும் முறை

ஸ்படிகத்தை வைத்துத் தியானம் பழகலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால் முதலில் கிடைப்பது குழப்பம்தான். ஒரு கடைக்காரர் மாலை கழுத்திலேயே கிடந்தால்தான் பலன் என்பார், பக்கத்துக் கடைக்காரர் கழுத்தில் போட்டது ஜபத்துக்கு ஆகாது என்பார், இன்ஸ்டாகிராமில் ஒருவர் ராசிக்கு ஒரு கல் என்று ஏழெட்டுக் கல்லைப் பெட்டியில் அடுக்கி விற்றுக்கொண்டிருப்பார். விலையோ கேட்கவே வேண்டாம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற மாலை, ஒரு இடத்தில் இருநூறு ரூபாய், இன்னொரு இடத்தில் நாலாயிரம். யாரும் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்லாததால் நான் கடை கடையாக அலைந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று. கல் அசலா போலியா என்பது உங்கள் பர்ஸ் சம்பந்தப்பட்டது. மனசு நிற்கிறதா என்பது நீங்கள் உட்காருவது சம்பந்தப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் கடைகளில் பணம் பறிக்கிறார்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் 80 பேரிடம் கல்லைக் கொடுத்துத் தியானம் செய்யச் சொல்லி, 2001-ல் முடிவை வெளியிட்டார். சிலருக்குக் கொடுத்தது அசல் குவார்ட்ஸ் (ஸ்படிகத்தின் ஆங்கிலப் பெயர்), சிலருக்குப் போலி. கை கூசுகிறது, கவனம் கூடுகிறது என்று இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அதனால் கல்லுக்குள் ஏதோ சக்தி இருக்கிறது என்று நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். அதே சமயம் கண்ணாடி மணிக்கு ஸ்படிக விலை கொடுக்கவும் வேண்டாம்.

1. என்ன வாங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

கடைக்குள் போன பிறகு யோசித்தால் லிங்கம், பிரமிடு, உருண்டை, பிரேஸ்லெட் என்று தலையில் கட்டிவிடுவார்கள். புதிதாகத் தொடங்குபவருக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: 108 மணியும், சுற்று எங்கே தொடங்கி முடிகிறது என்று காட்டும் மேரு என்ற ஒரு தனி மணியும் உள்ள மாலை. மாலை வேண்டாம், மந்திரம் ஜபம் எல்லாம் நமக்கு ஒத்துவராது என்றால் உள்ளங்கையில் அடங்குகிற, உருட்டி வழுவழுப்பாக்கிய ஒரு ஸ்படிகக் கல். ஐம்பது நூறு ரூபாயிலேயே கிடைக்கும், அதிலேயே தொடங்கலாம்.

லிங்கம் இப்போது வேண்டாம். ஸ்படிக லிங்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால் தினமும் அபிஷேகம் யார் செய்வது, வெளியூர் போனால் என்ன செய்வது என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள், அவர்கள் கேட்பது நியாயம்தான். உங்கள் பத்து நிமிடத் தியானம் குடும்ப விவகாரமாகிவிடும். லிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் இருக்கிறது, போய்விட்டு வாருங்கள்.

மணியின் அளவு முக்கியம். நன்றாகத் தெரிகிறது என்று 10 மி.மீ. மணி மாலையை எடுத்தால் அதன் எடை 150 கிராம் அளவுக்கு வரும், சின்னக் கைக்கு உருட்டவே கஷ்டம். 6 மி.மீ. என்றால் முப்பது கிராம் சொச்சம், ஆனால் விரல் பருமனானவர்களுக்கு ஒரு மணி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. பெரும்பாலானவர்களுக்கு 8 மி.மீ. சரியாக வரும். எடை எழுபது எழுபத்தைந்து கிராம், மணிகளை நீளவாக்கில் வைத்தால் 86 செ.மீ. இந்த எடைக் கணக்கை நினைவில் வையுங்கள், சோதனையின்போது உதவும்.

வழுவழுப்பான உருண்டை மணியா, டைமண்ட் கட் என்று பட்டை தீட்டியதா என்று கேட்பார்கள். பட்டை தீட்டியது மின்னும், கழுத்துக்கு அழகு. ஜபத்துக்கு உருண்டைதான். பட்டையின் விளிம்பு விரலை உறுத்தும், துளையோரம் கூராக இருந்தால் நூலையும் அரித்துவிடும்.

2. செலவுக் கணக்கு

நான் விசாரித்த இடங்களில் 6 மி.மீ. அசல் மாலை அறுநூறிலிருந்து ஆயிரத்து ஐநூறு வரை, 8 மி.மீ. ஆயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரம் வரை சொன்னார்கள். பட்டை தீட்டியது அதற்கும் மேல். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும், பேரம் பேசலாம். 8 மி.மீ. மாலையை நூற்றைம்பது, இருநூறுக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அது கண்ணாடி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஐயாயிரம் என்று சொல்வதாலேயே அது ஸ்படிகம் ஆகிவிடாது.

கல்லுக்கு வெளியே வருகிற செலவுதான் பலருக்குத் தெரிவதில்லை. நூல் மாற்றிக் கோர்க்க நூறிலிருந்து முந்நூறு. ஆய்வகச் சான்றிதழ் தனியாக வாங்கினால் ஐநூறு ஆயிரம் ஆகும். பை, பாய், மணைப்பலகை எல்லாம் உங்கள் இஷ்டம், வீட்டில் இருக்கிற பெட்ஷீட்டை மடித்துப் போட்டாலே போதும்.

"சக்தி ஏற்றித் தருகிறோம்", "உங்கள் பேர் நட்சத்திரத்துக்குப் பூஜை செய்து அனுப்புகிறோம்" என்று ஐநூறு, ஆயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசு போவது ஒரு பக்கம், அதைவிட மோசம் என்னவென்றால், பூஜையில் வைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று அதே பூஜையைக் காரணம் காட்டி ரிட்டர்னை மறுப்பார்கள். ஆன்லைனில் இந்த வரி பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும், பணம் கட்டும் முன் தேடிப் பாருங்கள்.

வெள்ளிக் கம்பியில் கட்டிய மாலை என்றால் இன்னொரு பொறி உண்டு. மொத்த எடைக்கும் வெள்ளி விலை போட்டுவிடுவார்கள், மணியின் எடையும் அதில் சேர்ந்துவிடும். வெள்ளி எத்தனை கிராம், கல் எத்தனை கிராம், கூலி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முதல் மாலைக்கு வெள்ளி தேவையே இல்லை என்பது என் கருத்து. நூலில் கோர்த்ததே கைக்கு மெத்தென்று இருக்கும்.

3. கடையில் எப்போது போவது, என்ன பார்ப்பது

பகல் வெளிச்சத்தில் போங்கள். ராத்திரி எல்.ஈ.டி. விளக்கின் கீழ் கண்ணாடியும் ஜொலிக்கும். தை வெள்ளி, சிவராத்திரி மாதிரி கூட்டமான நாட்களில் போனால் நின்று பார்க்க விட மாட்டார்கள். வார நாளில் காலை பத்து பதினொரு மணிக்குப் போனால் கடைக்காரரே உட்காரவைத்துப் பேசுவார். சென்னை என்றால் மயிலாப்பூர் மாட வீதியில் பார்த்து விலை தெரிந்துகொண்டு, சவுகார்பேட்டை மணிக்கடைகளில் ஒரு சுற்று சுற்றுவது நல்லது. ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மாலையைக் கையில் எடுத்ததும் ஒரு மணியை மேல் உதட்டில் வையுங்கள், அல்லது கன்னத்தில். ஸ்படிகம் வெப்பத்தைக் கண்ணாடியைவிட வேகமாகக் கடத்தும், அதனால் சில்லென்று இருக்கும், அந்தச் சில்லிப்பு சற்று நேரம் நிற்கும். பக்கத்திலேயே ஒரு கண்ணாடி மணியை வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். ஏசி போட்ட கடையில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, போன் கேமராவை நன்றாக ஜூம் செய்து மணிக்குள் பாருங்கள். குண்டு குண்டாக, முழு வட்டமாக, ஊசிமுனை அளவுக்குக் குமிழ் தெரிந்தால் கண்ணாடி. மணியைச் சுற்றி அச்சில் வார்த்த கோடு ஓடினாலும் கண்ணாடி. ஸ்படிகத்தில் இருப்பது வேறு மாதிரி: மெல்லிய வெண்புகை படர்ந்தது போலவோ, இறகு போன்ற கீறலாகவோ இருக்கும், அதுவும் எல்லா மணியிலும் இருக்காது. 109 மணியும் துளி மாசில்லாமல் பளிங்காக இருந்து விலையும் மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைக்காரர்கள் விரும்பிச் செய்து காட்டும் ஒரு வித்தை உண்டு. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு கல்லை உரசுவார், உள்ளே மின்னல் போல வெளிச்சம் வரும், பார்த்தீர்களா அசல் என்பார். குவார்ட்ஸை உரசினால் ஒளி வருவது உண்மைதான். ஆனால் அவர் உரசுவது மேசை டிராயரில் இருக்கும் கல்லை. நீங்கள் வாங்கப்போவது கொக்கியில் தொங்கும் மாலையை! மாலையின் மணியை உரசிப் பார்க்கச் சொன்னால் கீறல் விழும் என்று மறுப்பார், அதுவும் சரிதான். ஆக, இந்த வித்தையால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

4. பில்லும் சான்றிதழும்

துண்டுச் சீட்டில் "மாலை 1" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பில்லில் இருக்க வேண்டியவை: கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண், தேதி, "இயற்கை ஸ்படிகம்" அல்லது "நேச்சுரல் குவார்ட்ஸ்" என்ற சொல், மணி அளவு, மணி எண்ணிக்கை, எடை. "ஸ்படிக மாலை" என்று மட்டும் இருந்தால் பின்னால் அது மாடலின் பெயர்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. இயற்கை என்ற அந்த ஒரு சொல்லை எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுதத் தயங்குகிற கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

சான்றிதழ் என்று ஏடிஎம் கார்டு அளவில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் ஆய்வகத்தின் பெயர், அறிக்கை எண், உங்கள் மாலையின் படம், எடை எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கடையின் பெயரே ஆய்வகத்தின் பெயராக இருந்தால் அது விளம்பர அட்டை. கியூ.ஆர். கோடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்து, திறக்கிற பக்கத்தில் உள்ள எடையும் அட்டையில் உள்ள எடையும் தராசில் வருகிற எடையும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். ஒரே அட்டையை நூறு மாலைக்கு நகல் எடுத்துக் கொடுப்பது நடக்கிறது, எடை பொருந்தாது, அதில்தான் மாட்டுவார்கள்.

ஆய்வக அறிக்கையில் குவார்ட்ஸ் ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்ற அளவு) 1.54 முதல் 1.55 வரை என்றும், அடர்த்தி 2.65 என்றும் இருக்கும். "சிந்தெடிக்" என்று போட்டிருந்தால் அதுவும் குவார்ட்ஸ்தான், ஆனால் ஆலையில் வளர்த்தது. அதை வீட்டுச் சோதனை எதுவும் காட்டிக்கொடுக்காது, ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆயிரம் ரூபாய் மாலைக்கு ஆயிரம் ரூபாய் சான்றிதழ் வாங்குவது வீண், நாலைந்தாயிரத்துக்கு மேல் போனால் மட்டும் யோசியுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போது வெட்டாமல் வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி மணி எண்ணிக்கை வரை. தயாரான நாடு எது என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும், போடாதவரிடம் வாங்க வேண்டாம். ஏமாற்றிவிட்டார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே புகார் பதிய பில்லும் வீடியோவும் கையில் இருக்க வேண்டும்.

5. வீட்டுக்கு வந்ததும் ஒரு தண்ணீர்க் கணக்கு

இதற்கு 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும், யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது. திருப்பித் தருவதற்கான கெடு முடியும் முன்பே செய்துவிடுங்கள்.

முதலில் மாலையை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 75 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். மாலையை ஒரு தையல் நூலில் கட்டி, கையால் பிடித்தபடியே தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. மணிகளுக்கு நடுவில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் மெல்ல ஆட்டி விரட்டுங்கள். இப்போது தராசு காட்டுவது மாலை இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. 75-ஐ அந்த எண்ணால் வகுங்கள். 28.3 என்று காட்டினால் விடை 2.65, அது குவார்ட்ஸுக்குரியது. 30 காட்டினால் விடை 2.5, சாதாரணக் கண்ணாடி. 25-க்குக் கீழே வந்தால் விடை மூன்றைத் தாண்டும், ஈயம் கலந்த பளபளப்புக் கண்ணாடி. குஞ்சமும் தடித்த நூலும் கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும், விடை இயல்பைவிடக் குறைவாக வரும், அதனால் 2.6 வந்தால் உடனே சண்டைக்குப் போகாமல் நூலைக் கழற்றிவிட்டு மணியை மட்டும் போட்டுப் பாருங்கள். வெள்ளிப் பூண் இருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

6. கழுவுவது

வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், ஒரு சொட்டு ஷாம்பூ, மென்மையான பல் பிரஷ். முடிந்தது. கொதிநீர் கூடாது, உள்ளே கீறல் இருக்கும் மணி விரிசல் விட்டுவிடும். பால் அபிஷேகம் செய்தே ஆக வேண்டும் என்றால் செய்யுங்கள், ஆனால் துளைக்குள் நிற்கிற பால் இரண்டு நாளில் நாறும், நன்றாக அலசி நூல் காயும்வரை நிழலில் தொங்கவிடுங்கள்.

ராத்திரி உப்பில் புதைக்கச் சொல்வார்கள், பௌர்ணமி நிலவில் வைக்கச் சொல்வார்கள். நிலவில் வைத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. உப்பு வெள்ளியையும் நூலையும் கெடுக்கும். மற்ற கற்களும் வைத்திருந்தால் கவனம்: செலினைட் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பைரைட் துருப்பிடிக்கும், ஊதா நிற அமெதிஸ்ட் வெயிலில் வெளுத்துப்போகும். கல் ஊறிய தண்ணீரைக் குடிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம், பச்சை மாலகைட்டில் செம்பு இருக்கிறது.

ஸ்படிக உருண்டை வாங்கியவர்களுக்கு: ஜன்னலோரம் வைக்காதீர்கள். அது பூதக்கண்ணாடி வேலையைச் செய்யும், வெயில் ஒரு புள்ளியில் குவிந்து திரைச்சீலை பற்றிக்கொள்ளும். லண்டன் தீயணைப்புப் படை இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அங்கத்து வெயிலுக்கே அப்படி என்றால் நம்மூர்ச் சித்திரை வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்.

7. உட்காருவது

இத்தனை தூரம் கல்லைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சுருக்கமாகச் சொல்வது விநோதமாகத் தெரியலாம். உண்மையில் இதில் சிக்கல் குறைவு.

விடியற்காலை எழ முடியாதவர்கள் அதற்காக வருத்தப்பட வேண்டாம், குளித்துவிட்டு டிபனுக்கு முன் உட்காருங்கள். சாப்பிட்டவுடன் மட்டும் வேண்டாம், தூக்கம் வரும். முட்டி வலி இருந்தால் நாற்காலி, பாதம் தரையில் படட்டும். போன் வேறு அறையில்.

மாலையை வலது கையின் நடுவிரலில் தொங்கவிட்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் இழுங்கள். ஆள்காட்டி விரல் படக் கூடாது என்பது மரபு. அதில் ஒரு வசதியும் இருக்கிறது, விரல் குறுக்கே வராமல் மணி தடையின்றி நகரும். மேருவுக்கு அடுத்த மணியில் தொடங்கி, சுற்றி மேருவிடம் வந்ததும் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போக வேண்டும். மந்திரம் இருந்தால் மணிக்கு ஒரு தடவை. இல்லாதவர்கள் மூச்சை எண்ணலாம்: ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தால் ஒரு மணி. நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு என்று வைத்தால் 108 மணிக்கு ஒன்பது நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஒரு சுற்று போதும்.

நாற்பதாவது மணிக்கு அருகில் மனசு ஆபீஸ், கேஸ் புக்கிங், பக்கத்து வீட்டுச் சண்டை என்று எங்காவது போயிருக்கும், விரல் மட்டும் தானாக நகர்ந்துகொண்டிருக்கும். அப்போது மணியின் சில்லிப்பைக் கவனியுங்கள். கைச்சூட்டில் உருட்டிய பக்கத்து மணிகள் வெதுவெதுப்பாக இருக்கும், இனி வரப்போகிற மணி குளிர்ச்சியாக இருக்கும். ஒவ்வொரு மணியிலும் அந்த மாற்றத்தைத் தொட்டு உணர்ந்தாலே மனசு திரும்ப வந்துவிடும். மரமணியைவிட ஸ்படிகத்தில் எனக்குப் பிடித்தது இதுதான், வேறு ரகசியம் இல்லை.

கையடக்கக் கல் வைத்திருப்பவர்கள் இடது உள்ளங்கையில் கல்லை வைத்து அதன் மேல் வலது கையைக் கவிழ்த்து, கல் குளிர்ச்சியிலிருந்து சூடாகிற வரை கவனித்தால் போதும். கல்லை உற்றுப் பார்க்கும் த்ராடகப் பழக்கத்தை முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டாம், அதுவும் காண்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள்.

மன அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் கல்லை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் படபடப்பு கூடுகிறது என்றால் கண்ணைத் திறந்துவிட்டு எழுந்து நடங்கள், அதை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

8. நூல்

தினமும் உருட்டினால் பருத்தி நூல் வருடத்துக்குள் இளைக்கும். மணிகளுக்கு நடுவே நூல் கறுத்துப் பிசிறடிக்கத் தொடங்கினால் அறும்வரை காத்திருக்காமல் கொடுத்து மாற்றிவிடுங்கள். மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள், கூலி கொஞ்சம் கூடும், ஆனால் அறுந்தால் ஒன்றிரண்டு மணிதான் உதிரும், மிச்சம் கட்டிலடியில் உருளாது. எலாஸ்டிக் நூல் வேண்டவே வேண்டாம், இழுபட்டு இழுபட்டு ஒருநாள் சொல்லாமல் அறுந்துவிடும்.

கோர்க்கக் கொடுக்கும்போது கடைக்காரர் முன்னாலேயே 109 மணியையும் எண்ணி, எடை போட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்கும்போதும் அப்படியே. அசல் மணியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கோர்த்துத் தருவதும் உண்டு. எடை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும் என்பதால் சந்தேகமாக இருந்தால் மறுபடி டம்ளரும் தராசும்தான்.